பொதுத் தீர்மானம் இலக்கம் ஏழு

கொக்குமடு வட்டை என்ற வயல்வெளியில் நாலு ஏக்கர் வெள்ளாமை செய்யும் சீதேவிப்பிள்ளைக்கு வெள்ளம் என்றால் என்னவென்று தெரியாது. அவளுக்கு ஐம்பத்துநாலு வயதாகும் வரைக்கும் இந்தக் குறையை ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்தது வெள்ள விளக்கக் காப்புறுதி அதிகாரசபை. அவ்வளவு நீளமாகச் சொல்ல நேரமில்லாத ஊர்ச்சனம் அதை வெள்ளக் கந்தோர் என்றது.

சபை முதலில் ஓர் ஆய்வு செய்தது. கையில் படிவங்களோடு வீடு வீடாக வந்த பிள்ளைகள், "உங்கள் வளவுக்கு வெள்ளம் வரும் சாத்தியம் எத்தனை வீதம்?" என்று கேட்டார்கள். சீதேவிப்பிள்ளை, "கார்த்திகையில வரும்" என்றாள். வீதம் கேட்டால் மாதம் சொல்கிறாள் என்று 'விளக்கம் இல்லை' என்ற கட்டத்துக்குள் சரி போட்டுக்கொண்டு போனார்கள். இப்படியாக வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் வெள்ளத்தைப் பற்றி விளக்கமில்லாதவர்கள் என்று முடிவானது. மிச்ச நாலு பேர் அன்றைக்கு வீட்டில் இல்லை.

புரட்டாதி மாதம் பள்ளிக்கூட மண்டபத்தில் விளக்கக் கூட்டம் வைத்தார்கள். குத்துவிளக்கில் திரி ஐந்து. கொளுத்த வந்த பிரமுகர்கள் பதினொரு பேர். ஐந்து பேர் கொளுத்தியதும் ஊதி அணைத்து அடுத்த ஐந்து பேருக்குக் கொடுத்தார்கள். கடைசி ஆளுக்கு ஒரு மெழுகுதிரி பிடித்தார்கள். விளக்கை ஊதி அணைத்ததைப் பார்த்த முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பிராந்தியப் பணிப்பாளர் விஜிதரன் பேச எழும்பினார். நல்ல நிறம், நல்ல சப்பாத்து, நல்ல தமிழ்.

"வெள்ளம் என்பது நீர். ஆனால் எல்லா நீரும் வெள்ளமல்ல. பாமர மக்கள் நீரைக் கண்டவுடன் அதை வெள்ளம் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தத் தவறான எண்ணத்தினால் எமது சபைக்கு ஏற்படும் நட்டம், வெள்ளத்தினால் உங்களுக்கு ஏற்படும் நட்டத்தைவிடப் பெரியது. இதை நீங்கள் ஒருநாளும் சிந்தித்ததில்லை. இன்று முதல் சிந்திப்பீர்கள்."

பிறகு திரையில் ஒரு படம் விழுந்தது. வாவிக் கரையெல்லாம் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பூசியிருந்தது. சிவப்பென்றால் ஆபத்து. பச்சையென்றால் பயமில்லை. கொக்குமடு வட்டை நல்ல கிளிப்பச்சையாகக் கிடந்தது.

சீதேவிப்பிள்ளை எழும்பிக் கேட்டாள். "சேர், நம்மட வட்டை பச்சையாக் கிடக்கு. போன வருசம் அதில எனக்கு இடுப்பளவு தண்ணி."

விஜிதரன் அன்போடு சிரித்தார். "அம்மா, இந்தப் படம் கொழும்பில் கணினியால் தயாரிக்கப்பட்டது. உங்கள் இடுப்பு அதில் சேர்க்கப்படவில்லை."

மேடையில் இருந்த பதினொரு பேரும் சிரித்தார்கள். மண்டபத்திலும் கொஞ்சப்பேர் சிரித்தார்கள். சீதேவிப்பிள்ளை உட்கார்ந்தாள். இந்த இடத்தில் அவளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவளுடைய மாமன் மகள் ஒருத்தி, ஒரு ஆட்டுக்குட்டி விஷயத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு பதினொரு வருஷமாகச் சீதேவிப்பிள்ளை அவளோடு கதைக்கவில்லை. மாமன் மகள் மன்னிப்புக் கேட்டாள், ஆட்டுக்குட்டியையும் கொடுத்தாள். ஆடு நாலு தடவை குட்டி போட்டுவிட்டது. கதை இன்னும் இல்லை.

கூட்டம் முடிய, வட்டையின் வாய்க்கால் ஓரத்தில் ஒரு அளவுகோல் நட்டார்கள். வெள்ளம் எத்தனை அடி வந்தது என்று காட்ட வெள்ளையும் சிவப்புமாய் நிறம் பூசிய மரக்கம்பு. அதற்கும் மாலை போட்டார்கள். பிறகு முப்பத்தெட்டுப் பக்கக் காப்புறுதிப் பத்திரத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். உரமானியப் படிவம் முப்பத்தொன்பதாவது பக்கமாகத் தைத்திருந்தபடியால் கையெழுத்து வைக்காத ஆள் ஒருவரும் இல்லை.

கார்த்திகையில் வெள்ளம் வந்தது.

ஐந்து நாள் விடாத மழை. மேலே குளங்கள் நிரம்பி வான்கதவுகளைத் திறந்தார்கள். கீழே முகத்துவாரத்தை அடைத்த மணல்மேட்டை வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் கடலுக்குப் போகும். வெட்டுவதற்கு ஒரு கையெழுத்து வரவேண்டும், அது வரவில்லை. போக வழியில்லாத வாவி, கரையேறி வட்டைக்குள் வந்தது. சீதேவிப்பிள்ளையும் புருஷன் வல்லிபுரமும் மாடுகளைப் பள்ளிக்கூட மேட்டுக்குச் சாய்த்துவிட்டு, வீட்டுச் சாமான்களைப் பரணில் ஏற்றினார்கள். அடுத்த நாள் அவள் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி வயலைப் பார்க்கப் போனாள். குடலைப் பருவத்து நெல். இன்னும் பத்து நாளில் கதிர் தள்ளியிருக்கும். தண்ணீருக்குள் காலால் தடவிப் பார்த்தாள். பயிர் சாய்ந்து கிடந்தது, வெதுவெதுப்பாக.

ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. வீட்டுக்கு அரிசியும் அந்த நெல்தான், அடுத்த போகத்துக்கு விதையும் அந்த நெல்தான். தண்ணீர் வற்றியபோது வட்டை முழுக்க அழுகிய வைக்கோல் நாற்றம் எழும்பியது. வல்லிபுரம் வரம்பில் குந்தியிருந்து, "சரி, விடு. மறுகா அடுத்த போகத்தில பாப்பம்" என்றான். அவன் எதையும் விட்டுவிடக் கூடியவன். அதனால்தான் அந்த வீட்டில் சண்டை குறைவு.

வெள்ளம் வந்த இரண்டாம் நாளே அவள் சபைக்கு ரெலிபோன் எடுத்திருந்தாள். மதிப்பீட்டு உத்தியோகத்தர் றெக்ஸ் பேசினார். மட்டக்களப்பு டவுண் ஆள், பறங்கியர் சமூகம், நல்ல மனிதர்.

"அம்மா, வெள்ளம் நிக்கக்குள்ள நான் வந்து கண்ணால பாக்கோணும். பத்திரத்தில பத்தொன்பதாம் பக்கம் அப்பிடித்தான் இரிக்கி."

"அப்ப வாங்க."

"எப்பிடி வாற? ரோட்டெல்லாம் வெள்ளம்."

தண்ணீர் வற்றி நாலாம் நாள் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வயலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். 'பரிசோதனையின்போது வெள்ளம் காணப்பட்டதா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினார். அளவுகோலைத் தேடினார். அதை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. 'அளவுகோல் குறித்த இடத்தில் இல்லாமையால் அளவு இல்லை' என்று எழுதினார். எழுதிவிட்டுப் பேனையை மூடினார்.

"எனக்கு வெக்கமாத்தான் இரிக்கி, அம்மா. ஆனா படிவத்தில வெக்கத்துக்குக் கட்டம் இல்ல. மேன்முறையீடு போடுங்க."

போட்டாள். மாசி மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மண்முனைப் பாலத்தைக் கடந்ததும் அக்கரையில் வாவியோரமாகச் சபையின் புதுக் கட்டடம் நின்றது. இரண்டு மாடி, கண்ணாடிச் சுவர், காற்று வாங்க வாவிப்பக்கம் விறாந்தை. காத்திருக்கும் அறையில் மூன்று மணித்தியாலம் இருந்தாள். எதிர்ச் சுவரில் ஆளுயரப் படம் ஒன்று. அதே கட்டடத்தின் பெயர்ப்பலகைக்கு முன்னால், மழை அங்கி போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் விஜிதரன் நின்றார். கீழே எழுதியிருந்தது: 'வருடந்தோறும் எமது வாசலுக்கு வாவி வந்தாலும் தளராத சேவை.' அதே படம் அட்டையில் போட்ட ஆண்டறிக்கையை வந்தவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார்கள். அவளும் ஒன்றை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

மேன்முறையீட்டுக் குழுவின் தலைவரும் விஜிதரன்தான். ஆனால் கதிரை வேறு.

"சபை தன் தீர்ப்பைத் தானே விசாரிப்பது நியாயமா என்று சிலர் கேட்கிறார்கள்" என்று அவர் தொடங்கினார். "வேறு யார் விசாரிப்பது? எங்கள் தீர்ப்பை எங்களைப்போல விளங்கியவர்கள் நாட்டில் இல்லை."

அன்றைக்கு இவளுடையதையும் சேர்த்து நாற்பத்தொரு விண்ணப்பங்கள் மேசையில் இருந்தன. ஒவ்வொன்றாக விசாரித்தால் பங்குனி முடிந்துவிடும். விஜிதரன் எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் முடிக்கும் ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தார். அதற்குப் பொதுத் தீர்மானம் இலக்கம் ஏழு என்று பெயர். எழும்பி நின்று வாசித்தார்.

"வருடத்தில் ஒரு தடவையேனும் வாவி நீர் வந்து மூடும் இடம் எதுவோ, அது வாவியின் பகுதியாகும். வாவி தன்னுடைய இடத்தில் இருப்பதை வெள்ளம் என்று கொள்ள முடியாது. ஆகவே கொக்குமடு வட்டையில் வெள்ளம் ஏற்படவில்லை. நெற்பயிர் வாவிக்குள் அத்துமீறி நின்றமை வருந்தத்தக்கது. இத்தீர்மானம் வாவியின் இரு கரைகளுக்கும் விதிவிலக்கின்றிப் பொருந்தும்."

குழுவில் இருந்த மற்ற இரண்டு பேரும் மேசையில் தட்டினார்கள். சீதேவிப்பிள்ளை, "அப்ப என்ட வயல்?" என்று கேட்டாள்.

"அப்படி ஒன்று இல்லை, அம்மா" என்றார் விஜிதரன். "இதை நீங்கள் ஒரு நல்ல செய்தியாகப் பார்க்கவேண்டும். இல்லாத வயலுக்கு வெள்ளம் வராது. உங்களுக்கு இனிமேல் ஆபத்தே இல்லை."

அந்தத் தீர்மானத்தின் பிரதி எல்லாக் கந்தோர்களுக்கும் போனது. விவசாயக் கந்தோர் நெற்காணிப் பதிவிலிருந்து அவளுடைய நாலு ஏக்கரையும் வெட்டியது. வாவிக்கு உரம் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அங்கிருந்த எழுதுவினைஞர், வாவி சம்பந்தமான நட்டமென்றால் மீன்பிடிக் கந்தோருக்குப் போகச் சொன்னார். மீன்பிடிக் கந்தோரில், "தோணி இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்றாள். "தோணி இல்லாம வாவிக்குள்ள என்ன செய்யிறீங்க?" என்று கேட்டார்கள். அவள் நெல் விதைத்தேன் என்றாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. வல்லிபுரம் சமாதானம் சொன்னான். "அரசாங்கத்தோட மல்லுக்கட்ட ஏலுமா, புள்ள? சிறுபோகத்துக்கு ஆரிட்டயும் குத்தகைக்கு ரெண்டு ஏக்கர் கேப்பம். விடு."

"இஞ்சேருங்க, என்ட அப்பன் உழுத நிலம். நான் நாத்துப் பிடுங்கின நிலம். அது இல்லையாம். நான் விட ஏலாது."

"என்ன செய்யப்போறாய்?"

"தெரியா. ஆனா அந்த மனிசன் சிரிச்சத நான் மறக்கல்ல."

அடுத்த நாள் காத்தான்குடிக்குப் பஸ் ஏறினாள். அங்கே மெயின் ரோட்டில் றஸீனா என்றொரு பெண் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருந்தாள். கடிதம் தட்டச்சுச் செய்வாள், படிவம் நிரப்புவாள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவாள். கந்தோர் மொழியைச் சனங்களின் மொழிக்கு மாற்றுவதில் அவளுக்கு நிகர் அந்தப் பக்கத்தில் இல்லை. மேன்முறையீட்டை எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

றஸீனா தீர்மானத்தை முதலில் மனதுக்குள் வாசித்தாள். பிறகு சொன்னாள். "அக்கா, உங்கட வயல் வாவியாம். வாவியில பிழையே இல்லையாம். நெல்லுத்தான் அத்துமீறிப் போய் நிண்டிச்சாம்."

"அது எனக்கு விளங்கிச்சு, புள்ள. வாவிக்குள்ள ஆரும் அத்துமீறினா என்ன செய்வாங்க?"

"புடுங்குவாங்க. எங்கட ஊட்டுக்காரர் இறால் கூடு போடுறத்துக்கு ரெண்டு கம்பு நட்டாரு. அடுத்த கிழமையே வாவி எல்லைப் பணியகத்தாக்கள் வந்து புடுங்கிப்போட்டாங்க. வாவிக்குள்ள கம்பு நட ஏலாதாம்."

சீதேவிப்பிள்ளை பைக்குள்ளிருந்த ஆண்டறிக்கையை எடுத்து மேசையில் வைத்தாள். அட்டையில் விஜிதரன் முழங்கால் தண்ணீரில் நின்றார்.

"கீழ என்ன எழுதியிரிக்கி, வாசி."

"வருடந்தோறும் எமது வாசலுக்கு வாவி வந்தாலும்…" றஸீனா நிறுத்தினாள். தீர்மானத்தை மறுபடியும் எடுத்து, 'வருடத்தில் ஒரு தடவையேனும்' என்ற இடத்தில் விரலை வைத்தாள். மற்ற விரலைப் படத்தில் வைத்தாள். பிறகு றஸீனா கடையின் கதவை முக்காலாய்ச் சாத்திவிட்டு வந்து கணினிக்கு முன்னால் இருந்தாள்.

"சொல்லுங்க அக்கா. ஆருக்கு எழுதுற?"

முறைப்பாடு ஆறே வரிதான். இன்ன இடத்தில் வாவிக்குள் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அந்த இடம் வாவி என்பதற்கு, கட்டடத்தின் சொந்தக்காரரே கையெழுத்தும் முத்திரையும் வைத்த தீர்மானம் இணைப்பு ஒன்று. தண்ணீர் வருடந்தோறும் வருகிறது என்பதற்கு, சொந்தக்காரரே அச்சடித்த படம் இணைப்பு இரண்டு. றஸீனா கொப்பி எடுத்ததற்குக் காசு வாங்கவில்லை.

வாவி எல்லைப் பணியகத்தில் இருந்த அதிகாரி ஆதம்பாவா, இருபத்திரண்டு வருஷமாக வாவியை நிரப்பிக் கட்டுகிறவர்களோடு வழக்காடிக் களைத்துப்போனவர். ஹோட்டல்காரன், கல்யாண மண்டபக்காரன் எல்லோரும் நீதிமன்றத்தில் 'இது நிலம்' என்றுதான் சொல்வார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போகும். அவர் இணைப்பு ஒன்றை மூன்று தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நாலாம் தரமும் வாசித்தார். பிறகு சீதேவிப்பிள்ளைக்குத் தேத்தண்ணி எடுப்பித்தார்.

"அம்மா, இத்தனை வருசத்தில தான் வாவிக்குள்ளதான் இரிக்கிறனெண்டு எழுத்தில தந்த ஆள் ஒருத்தரும் இல்ல. இவர்தான் முதல்."

சித்திரை பிறக்க முன்னம் கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்று மாதத்துக்குள் அகற்றவேண்டும். விஜிதரன் ஆதம்பாவாவையும் முறைப்பாட்டுக்காரியையும் தன் அறைக்கு அழைத்தார்.

"இது ஒரு விளக்கக் குறைவு" என்றார். "நாங்கள் வாவிக்குள் இல்லை. வாவிதான் எங்களுக்குள் வருகிறது."

ஆதம்பாவா, "அத வெள்ளமெண்டு சொல்லுவாங்க, சேர்" என்றார்.

"வெள்ளம் என்று நான் சொல்ல முடியாது. சொன்னால் நாற்பத்தொரு பேருக்கும் கொடுக்கவேண்டி வரும்."

"அப்ப வாவி."

"வாவி என்றால் கட்டடத்தை உடைப்பீர்கள்."

"ஓம் சேர்."

விஜிதரன் தண்ணீர் குடித்தார். "தண்ணீர் இருக்கிறது, ஆனால் அது வெள்ளமும் அல்ல, வாவியும் அல்ல. அப்படி மூன்றாவது வகை ஒன்றைச் சபை பரிசீலிக்கிறது. அதுவரை பொறுங்கள்."

ஆதம்பாவா பொறுக்க முடியாது என்றார். சபையின் சட்ட ஆலோசகர் கொழும்பிலிருந்து வேறொரு வழியைச் சொன்னார். வாவிக்குள் கட்டடம் நிற்கக்கூடாது. ஆனால் கலம் நிற்கலாம். அப்படியே சபையின் கட்டடத்தை, நங்கூரமிட்ட இரண்டடுக்குக் கலமாகப் பதிவுசெய்ய விண்ணப்பம் போட்டார்கள். ஆதம்பாவா அதை மறுக்கவில்லை. கலமென்றால் நங்கூரம் வேண்டும் என்று எழுதினார். செட்டிபாளையத்தில் ஒரு மீன்பிடி வள்ளத்தின் பழைய நங்கூரத்தை வாங்கிக் கேற்றில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். ஏறி இருக்கும் ஆட்களுக்கு உயிர்காப்பு அங்கி வேண்டும் என்று எழுதினார். முப்பத்திரண்டு உத்தியோகத்தர்களும் சித்திரை வெயிலில் செம்மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு கோப்புப் பார்த்தார்கள். அலுவலாக வந்த சனம் ஏதோ விசேஷமாக்கும் என்று நினைத்தது. கடைசியாக, கலம் பத்து மீற்றராவது நகர்ந்து காட்டவேண்டும் என்று எழுதினார். அந்தக் கடிதத்துக்குச் சபையிலிருந்து பதில் வரவில்லை.

வைகாசியில் ஒரு நாள் ஆதம்பாவா ஒரு பழைய நில அளவைப் படத்தோடு வந்தார். சீதேவிப்பிள்ளையையும் வரச்சொல்லியிருந்தார். கேற்றுக்கு வெளியே ரோட்டோரப் பற்றைக்குள் இறங்கிக் கத்தியால் வெட்டித் தேடினார். மேல்மாடிக் கண்ணாடிச் சுவரோரம் நின்ற உத்தியோகத்தர்கள், அவசரத்துக்கு ஒதுங்குகிறாராக்கும் என்று மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அரை மணித்தியாலத்தில் முழங்கை உயரக் கருங்கல் ஒன்று வெளிப்பட்டது. வெள்ளைக்காரன் காலத்து எல்லைக் கல். கல்லுக்கு அந்தப் பக்கம் வாவி, இந்தப் பக்கம் நிலம். கட்டடம் முழுதாக அந்தப் பக்கம் நின்றது.

"தம்பி, என்ட வயல்?" என்று கேட்டாள்.

ஆதம்பாவா படத்தை விரித்துக் காட்டினார். "உங்கட வட்டைக்கும் கல்லு இரிக்கி. வயல் கல்லுக்கு இஞ்சாலதான். நிலம், சந்தேகமே இல்ல."

"அப்ப இன்னொண்டு. நான் முறைப்பாட்ட வாபஸ் வாங்கினா இந்தக் கட்டடம் தப்புமா?"

"தப்பாது. இனி உங்கட முறைப்பாடு எனக்குத் தேவையே இல்ல. கல்லுப் போதும்."

அவள் தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போது அந்தப் பதிலை இரண்டு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

பத்து நாள் கழித்து விஜிதரன் கொக்குமடுவுக்கு வந்தார். கையில் ஆப்பிளும் முந்திரிகைக் குலையும் வைத்த ஒரு கூடை. வல்லிபுரம் கதிரையைத் துடைத்துப் போட்டான்.

"அம்மா, நடந்தது நடந்துவிட்டது. உங்கள் விண்ணப்பத்தை மட்டும் விசேடமாக ஏற்றுக்கொள்கிறேன். நீங்கள் முறைப்பாட்டை வாபஸ் பெறுங்கள்."

"நாப்பத்தொரு பேருக்கும் குடுங்க. ஏழாம் தீர்மானம் பிழையெண்டு எழுதுங்க. இஞ்ச வந்தது வெள்ளமெண்டு எழுதுங்க. எல்லாருக்கும் குடுத்து முடிஞ்ச அண்டைக்கு நான் வாபஸ் எழுதித் தாறன்."

"நாற்பத்தொரு பேர் என்பது…" விஜிதரன் கூடையைப் பார்த்தார். "சபையின் நோக்கம் காப்புறுதி கொடுப்பதல்ல, அம்மா. காப்புறுதி இருக்கிறது என்ற நம்பிக்கையைக் கொடுப்பது. எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் நம்பிக்கைக்கு எங்கே போவது?"

அவள் கூடையை அவர் பக்கமாக நகர்த்தினாள். அவருக்குக் கட்டடம் பெரிது. அந்தக் கண்ணாடிச் சுவரையும் வாவிக்காற்றையும் நினைத்தாரோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் சம்மதித்தார்.

"ஆனால் நீங்கள் கட்டாயம் வாபஸ் பெறவேண்டும்."

"என்ட வாய்ச் சொல்லு மாறாது, சேர்."

அவர் போனபிறகு வல்லிபுரம் கேட்டான். "வாபஸ் வாங்கினாக் கட்டடம் தப்பாதெண்டு ஆதம்பாவா சொன்னதெண்டாயே. அத நீ அவரிட்டச் சொல்லல்லையே?"

"முப்பத்தெட்டுப் பக்கம் அந்தாள் எனக்கு வாசிச்சுக் காட்டினாரா?" என்றாள். கூடையைத் திறக்காமலே மாட்டுப்பட்டியில் கொண்டுபோய் வைத்தாள். மாடு ஆப்பிள் தின்றது.

ஆனியில் பொதுத் தீர்மானம் இலக்கம் எட்டு வந்தது. 'கொக்குமடு வட்டை நிலமே. அங்கு வந்தது வெள்ளமே' என்று அதில் இருந்தது. அதை எழுதுவதற்குச் சபை நான்கு கூட்டம் கூடியது. விவசாயக் கந்தோர் பதிவில் அவளுடைய நாலு ஏக்கர் மறுபடியும் ஏறியது. ஆடி முடிவதற்குள் நாற்பத்தொரு பேருக்கும் நட்டஈடு வந்து சேர்ந்தது; விதைநெல் வாங்க அது போதும். கடைசி ஆளுக்கும் கிடைத்துவிட்டது என்று கேட்டறிந்த பிறகு, சீதேவிப்பிள்ளை றஸீனாவிடம் போய் அழகான ஒரு வாபஸ் கடிதம் எழுதுவித்துத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆவணி ஐந்தாம் திகதி உடைக்கும் கட்டளை வந்தது. அன்றைக்கே விஜிதரனின் ரெலிபோனும் வந்தது.

"அம்மா, நீங்கள் வாபஸ் வாங்கினீர்களே."

"வாங்கினன், சேர். கல்லு என்ட இல்லையே, வாபஸ் வாங்க."

"கல் இருப்பது உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்க விளக்கம் கேக்கல்ல, சேர்."

உடைக்கும் நாளில் சோறும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு, வல்லிபுரத்தையும் இழுத்துக்கொண்டு போனாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வாகை மரத்தடியில் சாக்கை விரித்து இருந்தார்கள். மஞ்சள் மிசின் முதலில் கண்ணாடிச் சுவரில் கைவைத்தது. கண்ணாடி ஒரு மழைபோலக் கொட்டியது. பிறகு விறாந்தை. பிறகு மேல்மாடி. கதிரைகளையும் கோப்புகளையும் முதல் நாளே டவுணில் ஒரு வாடகை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உத்தியோகத்தர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் அவள் பரிதாபப்பட ஆள் தேடவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. விஜிதரன் வரவில்லை, அவருக்குப் பதவி உயர்வு கிடைத்துக் கொழும்புக்குப் போயிருந்தார், வரட்சி விளக்கப் பிரிவுக்குத் தலைவராக.

றெக்ஸ் மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்து கொஞ்சத் தூரத்தில் நின்றார். அவள் கூப்பிட்டு ஒரு வாழையிலையில் சோறு போட்டுக் கொடுத்தாள். மூன்று பேரும் தின்றுகொண்டே பார்த்தார்கள்.

"இப்ப எப்பிடி அம்மா இரிக்கி?" என்று றெக்ஸ் கேட்டார்.

அவள் யோசித்துத்தான் சொன்னாள். "வயிறு குளிர்ந்து கிடக்கு, தம்பி. பாவமெண்டு வருமெண்டு நினைச்சன். வரல்ல."

பின்னேரம் இடிபாடுகளை உழவு மிசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றும்போது, கற்குவியலுக்குள்ளிருந்து பளபளவென்று ஒரு கறுப்புக் கல் வெளியே வந்தது. வாசலில் பதித்திருந்த திறப்புவிழாக் கல். பொன்னெழுத்தில் பணிப்பாளர் விஜிதரனின் பெயரும், பட்டங்களும், அவர் நாடா வெட்டிய நல்ல நேரமும் ஆழமாக வெட்டியிருந்தன. சீதேவிப்பிள்ளை மிசின்காரனிடம் அதைக் கேட்டாள். அவன் எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். றெக்ஸும் வல்லிபுரமும் ஒரு ஓட்டோவில் தூக்கி வைத்தார்கள்.

வயலிலிருந்து வந்து சேற்றுக்கால் கழுவும் இடத்தில், கிணற்றடியில் அதைப் பதித்தாள். பெயர் மேலே தெரியத்தான் பதித்தாள். வல்லிபுரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஒரு மனிசன்ட பேரில கால வைக்கிறது சரியில்ல, புள்ள. பிரட்டிப் போட்டிரலாமே."

அவள் கணுக்கால்வரை சேறோடு வந்து கல்லில் ஏறி நின்று, வாளித் தண்ணீரைக் காலில் ஊற்றினாள்.

"மற்றப் பக்கம் வழுக்கும்" என்றாள். "எழுத்திருந்தாத்தான் கால் பிடிக்கும்."